உடலோம்பலும் ஒரு வழிபாடே



பாலாறும் வேகவதியும் செய்யாறும் ஒன்றுகூடும் இடத்தில், காஞ்சிபுரம் மாவட்டத்தில், திருமுக்கூடல் என்னும் சிற்றூர் அமைந்துள்ளது. அங்கு எழுந்தருளியிருக்கும் அருள்மிகு வேங்கடேசப் பெருமாள் திருக்கோயிலின் சுவரில், வீரராசேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு ஒன்று காணப்படுகின்றது. 1068ஆம் ஆண்டளவில் பொறிக்கப்பட்ட அக்கல்வெட்டு, அத்திருக்கோயிலைச் சார்ந்து நடைபெற்ற கல்விச்சாலையையும், மாணாக்கர் உறைவிடத்தையும், 'வீரசோழன்' என்னும் பெயரிய ஆதுலர் சாலையையும் பற்றி விரித்துரைக்கின்றது. ஆதுலர் சாலை என்பது மருத்துவமனை.

அம்மருத்துவமனையில் பதினைந்து நோயாளர் படுத்திருந்து மருத்துவம் பெற வழி செய்யப்பட்டிருந்தது. நாடி பார்த்து மருந்தளிக்க ஒரு மருத்துவர், அறுவை செய்ய ஒருவர், மருந்து மூலிகைகள் கொணர இருவர், நோயாளரைப் பேணப் பெண்டிர் இருவர் எனப் பணியாளர்களும், அவர்களுக்குரிய ஊதியமும் வகுக்கப்பட்டிருந்தன. ஏறத்தாழ இருபது வகை மருந்துகள் பெயர் சுட்டிக் குறிக்கப்பட்டுள்ளன. அவற்றுட் கடுக்காய் சேர்ந்தவை பல, தைலங்கள் சில. இரவு முழுதும் ஒரு விளக்கு எரிவதற்கும் பொருள் ஒதுக்கப்பட்டிருந்தது. நோயுற்றவன் நள்ளிரவில் கண்விழிக்குங்கால் இருளைக் கண்டு அஞ்சலாகாது என்னும் பரிவு அவ்விளக்கில் ஒளிர்கின்றதன்றோ?

இன்னுமொரு செய்தி உண்டு. அங்குப் பயின்ற மாணாக்கர்க்கு உணவு மட்டுமன்றிப் படுக்கப் பாயும், சனிக்கிழமைகளில் தேய்த்து நீராட எண்ணெயும் வழங்கப்பட்டன. உணவிட்டதோடு கடமை முடிந்தது என்று சோழர் காலச் சான்றோர் எண்ணவில்லை. உண்டவன் உறங்க வேண்டும்; உழைத்தவன் எண்ணெய் தேய்த்து முழுக வேண்டும்; நோயுற்றால் அருகிருந்து பேண ஆள் வேண்டும் என்று எண்ணினர். நல்லுணவோடு நல்லொழுக்கங்களும் சேர்ந்தாலன்றி உடல்நலம் முழுமை பெறாது என்பதற்கு இதனினும் பழையதொரு சான்றைத் தேடிச் செல்ல வேண்டுவதில்லை.

உடலை இகழலாமோ?

'உடம்பு அழியக்கூடியது, அதனைப் பேணுவது உலகியல், இறைவனை நாடுவோர்க்கு அது தடை' என்று கருதுவோர் உளர். திருமூலர் அவ்வாறு கருதவில்லை. திருமந்திரத்தின் மூன்றாம் தந்திரத்தில் காயசித்தி உபாயம் என்றே ஒரு பகுதி அமைத்தார். முன்னர் உடம்பை இழிவென்று எண்ணியிருந்ததாகவும், அதனுள் உத்தமன் கோயில் கொண்டிருப்பதைக் கண்டபின் அதனைப் பேணத் தலைப்பட்டதாகவும் அவர் அருளியுள்ளார். கோயிலென்று அறிந்தபின் அதனைப் பாழடைய விடுவார் யார்?

திருவள்ளுவர் பொருட்பாலில் 'மருந்து' என்னும் அதிகாரம் வகுத்தார். அவ்வதிகாரத்தின் பத்துக் குறளிலும் ஒரு மூலிகையின் பெயரேனும் இல்லை. முன்னுண்டது செரித்ததை அறிந்து உண்ணுதல், பசித்தபின் உண்ணுதல், உடலுக்கு மாறுபடாத உணவை அளவறிந்து உண்ணுதல் ஆகியவையே பெரிதும் கூறப்பட்டுள்ளன. எனவே முதல் மருந்து உணவொழுக்கமே என்பது தெளிவு. ஆயினும் அவ்வதிகாரத்தின் இறுதிக் குறள் கூறும் செய்தி வேறு. அதனை இவ்வுரையின் முடிவில் காணலாம்.

திருக்கோயில் கற்பிக்கும் நாளொழுங்கு

திருக்கோயிலில் நாள்தோறும் நடைபெறும் வழிபாட்டு முறையை உற்று நோக்கினால், மனிதன் தன் உடலைப் பேண வேண்டிய முறையும் அதனுள்ளே அமைந்திருத்தல் விளங்கும். வைகறையில் திருப்பள்ளியெழுச்சி, பின்னர்த் திருமஞ்சனம், உரிய காலத்தில் நிவேதனம், விழா நாளில் வீதியுலா, இரவில் பள்ளியறை வழிபாடு. உறக்கமும் பசியும் இல்லாத பரம்பொருளுக்கு இவையெல்லாம் எதற்கு? அவற்றைக் கண்டு வணங்குவோர் தம் வாழ்வை அவ்வாறே ஒழுங்கு செய்துகொள்ள வேண்டும் என்பதும் ஒரு கருத்தாகக் கொள்ளத்தகும்.

வைகறைத் துயிலெழுதல் முதற்கடன். எழுந்தவுடன் காலைக்கடன்களை அடக்காமல் முடித்தலும், பல்லும் நாவும் தூய்மை செய்தலும் நலம் தரும். ஆனால் முன்னிரவில் உறங்கியவனே வைகறையில் எழ இயலும். தொலைக்காட்சியும் கைபேசியும் நள்ளிரவு வரை கண்ணை விழிக்கச் செய்தபின், விடியலில் எழுந்து கோயிலுக்கு ஓடுதல் உடலை வருத்துவதேயாகும். வளர்ந்தவர்க்கு ஏழு மணி நேர உறக்கமாவது வேண்டும் என்பது இக்கால மருத்துவர் கூற்று. பள்ளியறைக் கதவு சாத்தும் நேரத்தையே இல்லத்து விளக்கணைக்கும் நேரமாகக் கொள்ளலாம்.

அடுத்தது நீராடல். சிவாலயங்களில் திருமுழுக்கு எண்ணெய்க் காப்பில் தொடங்கி, மாப்பொடி, நெல்லிமுள்ளிப்பொடி, மஞ்சட்பொடி என வரிசையாக நிகழ்வதை அன்பர்கள் கண்டிருப்பர். ஔவையார் ஆத்திசூடியில் நீராடலைச் சனியோடு சேர்த்துக் கூறியதற்குச் சனிக்கிழமை எண்ணெய் முழுக்கு என்று பொருள்கொள்வோரும், குளிர்ந்த நீராடல் என்று பொருள்கொள்வோரும் உளர். திருமுக்கூடல் கல்வெட்டு அம்முதற்பொருளுக்குத் துணை நிற்கின்றது. தேரையர் பெயரால் வழங்கும் பிணியணுகா விதியோ, நான்கு நாளுக்கொரு முறை எண்ணெய் முழுக்கைக் கூறுகின்றது.

நல்லெண்ணெயை இளஞ்சூடாக்கி உச்சி முதல் உள்ளங்கால் வரை தேய்த்து, சிறிது நேரம் கழித்துச் சீயக்காயோ அரப்போ இட்டு வெந்நீரில் நீராடுதல் மரபு. அன்று பகலுறக்கமும் குளிர்ந்த உணவும் ஆகா என்பர் முன்னோர். காய்ச்சலும் சளியும் உள்ள நாளில் எண்ணெய் முழுக்கைத் தவிர்த்தல் வேண்டும். முதியோர் நீராடும் இடத்தில் எண்ணெய் படிந்து வழுக்காதவாறு காத்தலும் இன்றியமையாதது. நலம் நாடிச் செய்யும் முழுக்கு எலும்பு முறிவில் முடியலாகாது.

நிவேதனம் உணவின் நெறியைக் கற்பிக்கின்றது. மடைப்பள்ளியில் அவ்வப்பொழுது சமைத்ததே இறைவனுக்குப் படைக்கப்படுகின்றது; நேற்றையது படைக்கப்படுவதில்லை. முதல்நாட் சமைத்த கறியை அமுதம்போல் இருப்பினும் உண்ணலாகாது என்பது பிணியணுகா விதியின் கருத்து. நாள் ஒன்றுக்கு ஒருவர் கொள்ளும் உப்பு ஐந்து கிராமுக்குக் குறைவாக இருத்தல் வேண்டும் என உலக நலவாழ்வு நிறுவனம் அறிவுறுத்துகின்றது. ஊறுகாயும் அப்பளமும் இலையில் மிகுங்கால் இவ்வளவு எளிதிற் கடந்துபோகும். திருவமுதாகக் கிடைக்கும் பொங்கலையும் கையளவு பெற்று உண்பதே சிறப்பு. பிரசாதம் அருளின் அடையாளம். அது வயிறு நிறைப்பதற்கன்று.

வலம்வருதல் உடலுக்கும் உள்ளத்துக்கும் ஒருங்கே பயன்தரும் செயல். நிறைசூலி ஒருத்தி, தலையில் எண்ணெய்க்குடம் தாங்கி, நடப்பதுபோல் மெல்ல வலம்வர வேண்டும் என்று பெரியோர் உவமை கூறுவர். மனம் ஒன்றுதற்கு அந்நடையே ஏற்றது. உடலுழைப்பு வேண்டுவோர் அதனோடு நிறுத்தாமல், கோயிலுக்கு வரும்போதும் மீளும்போதும் சற்று விரைந்து நடத்தல் நன்று. வாரத்துக்கு 150 நிமிடமேனும் மிதமான உடலுழைப்பு வேண்டும் என்பது உலக நலவாழ்வு நிறுவனம் 2020ஆம் ஆண்டில் வெளியிட்ட நெறிமுறை. நாளுக்கு அரைமணி வீதம் வாரத்தில் ஐந்து நாள் நடந்தால் அவ்வளவு நிறைவுறும். பக்கத்துத் தெருவில் உள்ள கோயிலுக்கும் வண்டியில் வந்து இறங்குவோர் இதனைச் சிந்தித்தல் வேண்டும். முழங்கால் நோயுள்ளோர் திருவண்ணாமலைக் கிரிவலப் பாதையின் 14 கிலோமீட்டரையும் நடந்தே தீரவேண்டும் என்பதில்லை. இயன்ற அளவு நடந்து வணங்கினாலும் இறைவன் ஏற்றுக்கொள்வான்.

நோன்பும் எச்சரிக்கையும்

திங்களுக்கு இருமுறை ஏகாதசி, ஐப்பசியில் கந்த சஷ்டி என நோன்பு நாட்கள் பல உள்ளன. வயிற்றுக்கு ஓய்வும் மனத்துக்கு அடக்கமும் அவற்றால் விளைகின்றன. துவாதசிப் பாரணையில் அகத்திக்கீரையும் நெல்லிக்காயும் சேர்த்தது முன்னோரின் நுண்ணறிவு.

ஆயினும் ஒன்றை அழுத்தமாகக் கூற வேண்டியுள்ளது. நீரிழிவுக்கு மாத்திரை உண்பவரோ இன்சுலின் போட்டுக்கொள்பவரோ மருத்துவரைக் கேளாமல் முழுப்பட்டினி கிடத்தல் உயிருக்கே தீங்காக முடியலாம். மருந்து உள்ளே இருக்க உணவு இல்லாதபோது, குருதியில் சர்க்கரை அளவு திடீரெனத் தாழும். வியர்வை, நடுக்கம், படபடப்பு, தடுமாற்றம் தோன்றி மயக்கத்தில் ஆழ்த்தும். அக்குறிகள் கண்டவுடன், விழிப்போடிருப்பவர்க்குச் சர்க்கரை கரைத்த நீரேனும் கொடுத்தல் வேண்டும். மயங்கிவிட்டவர் வாயில் எதையும் ஊற்றாமல் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லுதல் வேண்டும். கருவுற்ற மகளிரும், சிறுவரும், தளர்ந்த முதியோரும் பாலும் பழமும் கொண்டு நோன்பிருத்தலே முறை. நோன்பை முறித்துக்கொண்டதாக அவர்கள் வருந்த வேண்டா.

அவ்வாறே, மூலிகையை நம்பி மருத்துவர் தந்த மருந்தைத் தாமே நிறுத்திவிடுதலும் தவறு. முன்னோர் வகுத்த வாந்தி, பேதி மருந்துகளைத் தேர்ந்த சித்த மருத்துவர் துணையின்றிக் கொள்ளுதலும் தவறு. எண்ணெய் முழுக்கும் நடையும் தியானமும் மருந்துக்குத் துணை. அவை மருந்துக்கு மாற்றாகா.

நான்காம் கூறு

இனி, முன்னர்க் குறித்த இறுதிக் குறளுக்கு வருவோம். நோயுற்றவன், தீர்ப்பவன், மருந்து, அருகிருந்து பணிசெய்பவன் என மருத்துவத்துக்கு நான்கு கூறு வகுத்தார் வள்ளுவர். முதல் மூன்றையும் உலகம் அறியும். நான்காம் கூறாகிய பணிவிடை செய்பவரை யார் நினைக்கின்றனர்?

இல்லந்தோறும் அவர் இருக்கின்றார். பெரும்பாலும் ஒரு தாயாகவோ, மனைவியாகவோ, மருமகளாகவோ இருக்கின்றார். கணவருக்கு உப்புக் குறைத்து ஒரு குழம்பு, மாமியாருக்குக் குழைய வடித்த சோறு, பிள்ளைகளுக்கு வேறொரு பலகாரம் எனச் சமைத்து, அனைவருக்கும் வேளை தவறாமல் மருந்து எடுத்துக் கொடுத்துவிட்டுத் தாம் மட்டும் மூன்று மணிக்கு ஆறிய சோற்றை அடுக்களையில் நின்றவாறே உண்கின்றார். மீந்த பழங்கறியை எறிய மனமின்றித் தம் இலையில் இட்டுக்கொள்கின்றார். வெள்ளிதோறும் எல்லார் தலையிலும் எண்ணெய் வைத்தவர் தம் தலையில் வைத்துக்கொள்ள நேரமில்லை. முழங்கால் வலியை யாரிடமும் சொல்வதில்லை. அவர் ஒருநாள் படுத்துவிட்டால் ஏனைய மூன்று கூறும் உடன் சாய்ந்துவிடும். அவ்வேளையில்தான் வீட்டார், 'இவளுக்கு என்ன வந்தது?' என்று வியக்கின்றனர்.

திருமுக்கூடலில் நோயாளரைப் பேணிய பெண்டிர்க்கும் தனியே ஊதியம் வகுக்கப்பட்டு, அது கல்லில் வெட்டி வைக்கப்பட்டது. அப்பணி வெறும் அன்பினால் தானே நடந்துவிடும் என்று அன்றைய அரசு விட்டுவிடவில்லை. இன்றைய இல்லத்தார் கல்லில் வெட்ட வேண்டுவதில்லை. இல்லத்தலைவி உண்ணும்வரை உடனமர்ந்திருத்தல், வாரத்தில் ஒருநாள் அடுக்களையை ஏற்று அவர் எண்ணெய் தேய்த்து முழுகி ஓய்வுகொள்ளச் செய்தல், ஆண்டுக்கொரு முறையேனும் அவர்தம் குருதியழுத்தத்தையும் சர்க்கரையையும் பரிசோதிக்க அழைத்துச் செல்லுதல் ஆகிய மூன்றையும் செய்தாற் போதும். இவை செலவில்லாத, அல்லது சிறு செலவுடைய அறங்கள்.

தாய்மார்களும் ஒன்றை உணர்தல் வேண்டும். பிறரைப் பேணுவது தொண்டு. தம்மைப் பேணுவது தன்னலமன்று. திருவிளக்கு எரிய வேண்டுமாயின் அதற்கு எண்ணெய் வார்த்தே ஆகவேண்டும்.

ஆகவே, இன்று சந்நிதியில் வழிபட்டு இல்லம் திரும்பும் அன்பர்கள், அங்கே தமக்காக உண்ணாமற் காத்திருப்பவரை முதலில் அமரச் செய்து, சூடான சோறு பரிமாறுவார்களாக. அவ்வுணவும் இறைவனுக்கு இட்ட நிவேதனமே ஆகும். எல்லாம் வல்ல பரம்பொருள் யாவர்க்கும் நோயற்ற வாழ்வும் குறைவற்ற செல்வமும் அருள்வதாக!