பழைய வண்டியும் புதிய எஞ்சினும்

ஆரணியில் பிறந்து, பட்டுத்தறியின் ஓசையைக் கேட்டே வளர்ந்தவன் நான். முப்பது ஆண்டுகளுக்கு மேல் பள்ளியில் பௌதிகம் கற்பித்து ஓய்வு பெற்றேன். தறியை விட்டு மோட்டார் வண்டியைப் பற்றி இவன் ஏன் பேச வந்தான் என்று நீங்கள் எண்ணலாம். நான் கற்பித்த பாடம் ஒன்றில் பாதி விடுபட்டுப் போயிற்று. அந்த மறுபாதியைச் சொல்லவே இன்று வந்திருக்கிறேன்.

என் பழைய மாணவர் ஒருவர் எங்கள் ஊரில் மோட்டார் பட்டறை நடத்துகிறார். சில ஆண்டுகளுக்கு முன் பழைய ஸ்டாண்டர்டு ஹெரால்டு கார் ஒன்று அவர் கைக்கு வந்தது. 1961-இல் சென்னைத் தொழிற்சாலையிலிருந்து வெளிவரத் தொடங்கிய வண்டி அது. இங்கிலாந்து நாட்டு டிரயம்ப் ஹெரால்டின் இந்தியப் பதிப்பு. அந்த ஹெரால்டின் அடிச்சட்டத்தைக் குறுக்கித்தான் 1962-இல் 'ஸ்பிட்ஃபயர்' என்னும் ஸ்போர்ட்ஸ் காரை அமைத்தார்கள். ஆகவே நம் ஹெரால்டை அந்த ஸ்போர்ட்ஸ் காருக்குத் தமையன் முறை என்று சொல்லலாம்.

அதன் எஞ்சின் 948 கன சென்டிமீட்டர் கொள்ளளவும், ஏறக்குறைய 35 குதிரைத்திறனும் உடையது. அது தேய்ந்து ஓய்ந்திருந்தது. பிற்காலத்துக் கார் ஒன்றின் 1,298 கன சென்டிமீட்டர் எஞ்சினை அதில் ஏற்ற விரும்பிய மாணவர், என்னிடம் வந்து, "ஐயா, பொருந்துமா?" என்று கேட்டார். நான் தாளை எடுத்துக் கணக்குப் போட்டேன். ஆற்றல் ஏறக்குறைய இரு மடங்கு. உடலோ அலுமினியத்தால் ஆனது, எனவே பாரமும் மிகாது. "தாராளமாகப் பொருந்தும்" என்று சொல்லிவிட்டேன்.

எஞ்சின் பொருந்தியது. ஒருநாள் விடியற்காலையில் இருவரும் ஏறிப் புறப்பட்டோம். வண்டி பறந்தது. ஏரிக்கரை வளைவு ஒன்றில் வேகம் மிகுதி என்று உணர்ந்த மாணவர், சட்டென்று ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்தார். வண்டியின் பின்புறம் எழும்பியது. சக்கரம் உள்நோக்கி மடங்கியது. வண்டி பம்பரம்போல் ஒரு சுற்றுச் சுற்றிக் கரையின் விளிம்பில் நின்றது. எங்களுக்குக் காயமில்லை. ஆயினும் அன்று நடுங்கிய என் கை அடங்க நெடுநேரமாயிற்று.

பிழை வண்டியுடையதன்று, எங்களுடையது. ஹெரால்டின் பின்சக்கரங்கள் ஊசல் அச்சில் அமைந்தவை. அந்த அச்சு 35 குதிரைத்திறனுக்கு ஏற்ற அச்சு. வளைவில் மிகுந்த வேகத்துடன் சென்று திடீரென வேகத்தைக் குறைத்தால், வண்டியின் பின்பாகம் உயர்ந்து, சக்கரம் நிமிர்ந்து நிற்காமல் சாய்ந்துவிடும். அவ்வாறு சாய்ந்த சக்கரத்திற்குத் தரையில் பிடிப்பு ஏது?

இந்தப் பாடத்தை எங்களுக்கு முன்பே பெரிய தொழிற்சாலையும் கற்றிருக்கிறது. 1966-இல் டிரயம்ப் நிறுவனம் ஸ்பிட்ஃபயர் அமைப்பில் இரண்டு லிட்டர், ஆறு சிலிண்டர் எஞ்சினைப் பொருத்தி 'ஜிடி6' என்று வெளியிட்டது. எஞ்சினைப் புகழ்ந்தவர்களே பின்சக்கர அமைப்பைக் குறை கூறினார்கள். 1968-இல் அந்நிறுவனம் சக்கரங்களைக் கீழிருந்து தாங்கும் புதிய கைகளைச் சேர்த்துக் குறையைத் திருத்தியது. ஸ்பிட்ஃபயருக்கும் 1970-இல் பின்புற வில்லை மாற்றியமைத்தார்கள்.

வேகம் இரு மடங்கானால் வண்டியின் இயக்க ஆற்றல் நான்கு மடங்காகும் என்று வகுப்பில் ஆண்டுதோறும் கரும்பலகையில் எழுதியவன் நான். அந்த நான்கு மடங்கையும் வெப்பமாக மாற்றித் தணிக்க வேண்டியது பிரேக்கின் வேலை என்பதை அன்று மறந்தேன். கிளட்ச், கியர் பெட்டி, பின்சக்கரங்களுக்குச் சுழற்சியைக் கொண்டுசெல்லும் தண்டு, எஞ்சினைக் குளிர்விக்கும் ரேடியேட்டர், சட்டத்தில் எஞ்சின் அமரும் இடம் ஆகிய ஒவ்வொன்றையும் தனித்தனியே, "உன்னால் தாங்க முடியுமா?" என்று கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை.

இன்னொரு தவறும் செய்தோம். 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம், 52-ஆம் பிரிவில், பதிவுச் சான்றிதழுக்கு மாறாக வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. எஞ்சினை மாற்றுவோர் பதிவு அதிகாரியை நாட வேண்டும். நாங்களோ அந்த அலுவலகத்தின் படியேறுவதற்கு முன்பே சாலையில் ஏறிவிட்டோம். சட்டம் வெறும் காகிதத் தொல்லை என்று நினைப்பவர்களுக்கு அந்த ஏரிக்கரையைக் காட்டுவேன்.

மாணவர் வண்டியை மறுபடி பிரித்தார். முதலில் பின்சக்கர அமைப்பு, அடுத்து பிரேக், பிறகு ரேடியேட்டர் என்று வரிசையாகச் சீர்செய்தார். எஞ்சின் கடைசியில்தான் ஏறியது. எஞ்சினை ஏற்ற எடுத்ததைவிடப் பல மடங்கு காலம் மற்றவற்றிற்குச் சென்றது.

ஒருநாள் இக்கதையை எங்கள் தெரு நெசவாளப் பெரியவரிடம் சொன்னேன். அவர் சிரித்தார். "வாத்தியாரே, பழைய தறியில் ஜக்கார்டு பெட்டி ஏற்றுவதென்றால், நாங்கள் முதலில் பெட்டியையா பார்ப்போம்? காலை அல்லவா தட்டிப் பார்ப்போம்!" என்றார்.

நான் பாதி சொன்ன பாடத்தின் மறுபாதி இதுதான், நேயர்களே. புதிய ஆற்றலைப் பழைய உடலுக்குத் தருவது நல்லதே. ஆனால் தருவதற்கு முன் அதன் கால்களைத் தட்டிப் பாருங்கள்.