மகள் படித்தால் தாய்க்கும் ஆயுள் கூடும்

(பாடசாலையின் நூற்றாண்டு விழாவில், பழைய மாணவிகள் சங்கத்தின் அழைப்பின் பேரில் ஆற்றிய உரை)



கல்வியையும் ஆரோக்கியத்தையும் பற்றிப் பேசும்படி சங்கச் செயலாளர் கேட்டுக்கொண்டார். வைத்தியரிடம் ஒலிவாங்கியைக் கொடுத்தால் சீனியைக் குறை, உப்பைக் குறை என்று ஒரு மணித்தியாலம் பேசிவிடுவாரே என்று நீங்கள் பயந்திருப்பீர்கள். பயப்பட வேண்டாம். இன்று நான் பேச வந்தது வேறொரு மருந்தைப் பற்றி. அந்த மருந்து இந்த வளவுக்குள்ளேயே கிடைக்கிறது. படிப்புத்தான் அது.

நம் பாடசாலையும் பதுளைக்கு வந்த ரயிலும் ஏறக்குறைய ஒரே வயதுக்காரர்கள். பதுளை நிலையம் 1924 இல் திறக்கப்பட்டது. அந்தக் காலத்தில் இலங்கையில் பிறந்த ஒரு பெண் குழந்தையின் சராசரி ஆயுள் எதிர்பார்ப்பு சுமார் 31 வருடம். ஆண் குழந்தைக்குச் சுமார் 33. எல்லோரும் முப்பது வயதில் இறந்தார்கள் என்று இதற்கு அர்த்தமில்லை. பிறந்த குழந்தைகளில் ஏராளமானவை முதல் வருடமே போயின. மிஞ்சி வளர்ந்த பெண்களில் பலர் பிரசவத்தில் போனார்கள். அதனால்தான் பெண்ணின் ஆயுள் ஆணின் ஆயுளை விடக் குறைவாக இருந்தது. இன்று இலங்கைப் பெண்ணின் ஆயுள் எதிர்பார்ப்பு 80 வருடத்தை ஒட்டி நிற்கிறது. ஆண்களை விடப் பெண்கள் சில வருடங்கள் கூடுதலாக வாழ்கிறார்கள். ஒரு நூற்றாண்டுக்குள் நடந்த மாற்றம் இது.

இது எப்படி நடந்தது? மலேரியாவை அடக்கியது ஒரு காரணம். 1926 இல் களுத்துறையில் தொடங்கிய சுகாதாரப் பிரிவு முறையும், வீடு தேடி வந்த மருத்துவ மாதரும், இலவச வைத்தியசாலைகளும் பெரிய காரணம். அதற்கு இணையான இன்னொரு காரணம், 1945 இல் கன்னங்கரா அவர்கள் கொண்டுவந்த இலவசக் கல்வி. ஜோன் கோல்ட்வெல் என்ற அவுஸ்திரேலிய அறிஞர், பணக்கார நாடாக இல்லாமலே மக்களை நீண்ட காலம் வாழவைத்த இடங்கள் எவை என்று ஆராய்ந்து 1986 இல் ஒரு கட்டுரை எழுதினார். அவர் முக்கியமாக எடுத்துக்காட்டியவை இலங்கை, கேரளம், கொஸ்தாரிக்கா. மூன்றுக்கும் பொதுவாக அவர் கண்டவற்றில் முதன்மையானது பெண் பிள்ளைகளின் படிப்பு.

ஆனால் உறவுகளே, இந்தப் பெருமையில் நம் தோட்டங்களுக்கு உரிய பங்கு வெகு தாமதமாகவே வந்து சேர்ந்தது. தோட்டப் பிள்ளைகளுக்குத் துரைமார் பாடசாலை வசதி செய்ய வேண்டும் என்று 1920 இலேயே சட்டம் வந்தது. நடைமுறையில் அது ஓர் அறை, ஓர் ஆசிரியர், எழுதவும் வாசிக்கவும் கொஞ்சம். 1948 இல் பிரஜாவுரிமை பறிபோனது. தோட்டப் பாடசாலைகளில் பெரும்பாலானவை அரசாங்கத்தின் கைக்கு வந்தது 1970களின் பிற்பகுதியில்தான். நாடு முழுவதும் ஆயுள் கூடிக்கொண்டிருந்த அந்தத் தசாப்தத்தில், 1974 உணவு நெருக்கடியின்போது, தோட்டங்களில் குழந்தை மரணம் திடீரென்று உயர்ந்தது. அதன் சுவடு இன்னும் முழுதாக அழியவில்லை. 2016 இல் நடந்த சனத்தொகை, சுகாதாரக் கணக்கெடுப்பின்படி, ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள் நாடு முழுவதும் சுமார் 17 சதவீதம். தோட்டங்களில் சுமார் 32 சதவீதம்.

இந்த இடத்தில் ஒரு நியாயமான கேள்வி எழும். இலங்கை இவ்வளவு தூரம் வந்தது ஐந்தாம், எட்டாம் வகுப்புப் படிப்பால்தானே? பல்கலைக்கழகம் எதற்கு? பட்டத்துக்கும் ஆயுளுக்கும் என்ன சம்பந்தம்?

வைத்தியர் என்ற முறையில் என் பதில் இது. நம்மைக் கொல்லும் நோய்கள் மாறிவிட்டன. அன்றைய எதிரிகள் மலேரியா, வயிற்றோட்டம், பிரசவ ஆபத்து. தண்ணீரைக் கொதிக்கவைக்க, ஊசி போட, நேரத்துக்கு ஆஸ்பத்திரிக்குப் போக ஒரு தாய்க்கு அடிப்படைப் படிப்பும் தைரியமும் போதுமாக இருந்தன. இன்றைய எதிரிகள் சீனி வருத்தம், பிரஷர், மாரடைப்பு, சிறுநீரக நோய், புற்றுநோய். இவை ஒரே நாளில் வந்து ஒரே நாளில் போகிறவை அல்ல. இருபது, முப்பது வருடம் கூடவே இருக்கும். மாதாமாதம் கிளினிக், தினமும் மருந்து, இடையிடையே இரத்தப் பரிசோதனை. நோகாத நோய்க்கு மருந்து எடுக்க வேண்டும். அதற்குப் புரிதல் வேண்டும், பணம் வேண்டும், லீவு கிடைக்கும் வேலை வேண்டும்.

எங்கள் கிளினிக்குகளுக்கு வரும் தாய்மாரை நினைத்துப் பாருங்கள். கிளினிக் நாளில் மலைக்குப் போகாவிட்டால் அன்றைய பேர் இல்லை. பேர் இல்லையென்றால் சம்பளம் இல்லை. விடியவே பஸ் பிடிக்க வேண்டும். கிளினிக் கொப்பியில் எழுதியிருப்பது ஆங்கிலம். சொல்லப்படுவது பெரும்பாலும் சிங்களம். "விளங்கியதா?" என்று கேட்டால் தலையை ஆட்டுவார்கள். இரண்டு மாதம் போனதும், "இப்ப ஒண்ணும் செய்யல, நல்லாத்தான் இருக்கு" என்று மருந்தை நிறுத்திவிடுவார்கள். இதில் அந்தத் தாயின் குற்றம் எதுவும் இல்லை. அவரைச் சுற்றியிருக்கும் வாழ்க்கை அப்படி.

அதே தாய், படித்த மகளோடு வந்தால் கதை வேறு. "டொக்டர், இந்த மாத்திரை சாப்பாட்டுக்கு முன்னமா, பின்னமா? போன தடவை கிரியேட்டினின் எவ்வளவு? அடுத்த திகதியைச் சம்பள நாளுக்குப் பிறகு தர முடியுமா?" அந்தப் பிள்ளை கேட்கும் கேள்விகளால் அன்றைக்கு எங்கள் வேலையும் ஒழுங்காகிறது.

இது என் ஊகம் மட்டும் அல்ல. 2024 ஜனவரியில் லான்செட் பப்ளிக் ஹெல்த் சஞ்சிகையில் 59 நாடுகளின் ஆய்வுகளைத் தொகுத்த ஒரு கட்டுரை வந்தது. படிக்கும் ஒவ்வொரு மேலதிக வருடத்துக்கும் வயது வந்தவர்களின் மரண ஆபத்து சராசரியாக 2 சதவீதம் அளவில் குறைகிறது. ஆறு வருடம் படித்தவர்களுக்கு 13 சதவீதம், பன்னிரண்டு வருடம் படித்தவர்களுக்குச் சுமார் 25 சதவீதம், பதினெட்டு வருடம் படித்தவர்களுக்கு 34 சதவீதம். ஆறாம் வகுப்போடு இந்தப் பலன் நின்றுவிடவில்லை என்பதைக் கவனியுங்கள்.

அமெரிக்காவிலிருந்து வரும் செய்தி இன்னும் கடுமையானது. ஆன் கேஸ், அங்கஸ் டீட்டன் என்ற பொருளியலாளர்கள் 25 வயதுக்குப் பிந்திய ஆயுளைக் கணக்கிட்டார்கள். பட்டம் பெற்றவர்களுக்கும் பெறாதவர்களுக்கும் இடையில் 1992 இல் இருந்த இடைவெளி இரண்டரை வருடம். 2021 இல் அது எட்டரை வருடம். அவ்வளவு பெரிய பணக்கார நாட்டில், நல்ல வேலையும் வைத்தியக் காப்புறுதியும் பட்டத்தோடு கட்டுண்டு போனதால் வந்த வினை இது. இலவச வைத்தியம் உள்ள நம் நாடு அந்த வழியில் போகக் கூடாது.

படித்தவர்கள் வசதியான வீட்டுப் பிள்ளைகள், அதனால்தான் நீண்ட நாள் வாழ்கிறார்கள் என்று சிலர் சொல்வார்கள். அதில் ஓரளவு உண்மை உண்டு. ஆனால் தாய்வான் 1968 இல் கட்டாயக் கல்வியை ஆறு வருடத்திலிருந்து ஒன்பது வருடமாக்கியது. வசதியைப் பார்க்காமல் எல்லாப் பிள்ளைகளுக்கும் கிடைத்த அந்த மூன்று வருடத்தின் பலன், பிற்காலத்தில் அவர்களுடைய குழந்தைகளின் உயிர் பிழைப்பில் தெரிந்தது. படிப்புக்கென்றே ஒரு பலம் இருக்கிறது.

என் மனதுக்கு மிக நெருக்கமான ஆய்வு இன்னொன்று. அமெரிக்காவில் ஃபிரீட்மன், மேர் என்ற இரு ஆய்வாளர்கள் 2014 இல் கேள்வியைத் திருப்பிப் போட்டார்கள். பெற்றோரின் படிப்பு பிள்ளையைக் காப்பது தெரியும். பிள்ளையின் படிப்பு பெற்றோரைக் காக்குமா? காக்கும் என்பதே விடை. பெற்றோரின் சொந்தப் படிப்பையும் வருமானத்தையும் கணக்கில் எடுத்த பிறகும், பிள்ளைகள் கல்லூரிப் படிப்பை முடித்த பெற்றோர் கூடுதல் காலம் வாழ்கிறார்கள். நம்மில் எத்தனையோ பேரின் அம்மாமார் கொழுந்து பறித்த கூடையால் நம்மைப் படிக்கவைத்தவர்கள். அவர்களுக்கு நாம் திருப்பிக் கொடுப்பது பணம் மட்டும் அல்ல, வருடங்களும்தான்.

இனி, செய்ய வேண்டியதைச் சொல்கிறேன்.

பதுளை மாவட்டம் பல்கலைக்கழக அனுமதியில் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களின் பட்டியலில் இருக்கிறது. அந்தச் சலுகையைப் பயன்படுத்த முதலில் உயர்தரப் பரீட்சைக்கு உட்கார வேண்டும். நம் பெண் பிள்ளைகள் நழுவிப் போவது சாதாரண தரத்துக்கும் உயர்தரத்துக்கும் நடுவில்தான். பசறையிலோ நமுனுகுலையிலோ லுணுகலையிலோ உள்ள ஒரு தோட்டத்துப் பிள்ளைக்குத் தமிழ் மொழியில் இரசாயனவியலும் பௌதிகவியலும் கணிதமும் படிப்பிக்க ஆசிரியர் கிடைப்பது அரிது. டவுனுக்கு வந்து படிக்க பஸ் காசு, தங்க இடம், டியூஷன் பணம். அந்த நேரத்தில் கொழும்புக் கடையொன்றில் வேலை இருக்கிறது என்று யாராவது சொல்வார்கள். பிள்ளை போய்விடும்.

ஆகவே, வெளிநாடுகளிலும் கொழும்பிலும் இருக்கும் சகோதரிகளே, நூற்றாண்டு நினைவாகச் சுவரும் வளைவும் கட்டுவதற்கு முன் உயர்தரத்தின் அந்த இரண்டு வருடத்தைக் கட்டுங்கள். ஒருவர் ஒரு பிள்ளையின் பஸ் காசை ஏற்கலாம். பக்கத்திலிருப்பவர் சனிக்கிழமை ஒரு பாடம் சொல்லிக்கொடுக்கலாம். தூரத்திலிருப்பவர் இணையவழியில் அதைச் செய்யலாம். பல்கலைக்கழகம் போனவர்கள், முதல் வருடம் போகும் தங்கைக்குத் தொலைபேசி இலக்கம் கொடுத்து, "பயமாக இருந்தால் எடு" என்று சொன்னால் அதுவும் பெரிய உதவி.

மாணவச் செல்வங்களுக்கு ஒரு வேலை தருகிறேன். தரம் 6 இல் உங்களுக்குப் பாடசாலையில் போடப்படும் எச்பிவி தடுப்பூசி, கருப்பைக் கழுத்துப் புற்றுநோயைத் தடுப்பது. 2017 இலிருந்து நம் நாட்டில் இலவசமாகக் கிடைக்கிறது. உங்கள் அம்மாமாருக்கு அந்தப் பாக்கியம் கிடைக்கவில்லை. அவர்களுக்கு 35 வயதிலும் 45 வயதிலும் பெண்கள் நலக் கிளினிக்கில் அதே நோய்க்கு இலவசப் பரிசோதனை உண்டு. இன்று வீட்டுக்குப் போய் அம்மாவின் வயதைக் கேளுங்கள். மருத்துவ மாதுவிடம் திகதி வாங்கி, கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போங்கள். பாக்கும் புகையிலையும் மெல்லும் பாட்டி இருந்தால், வாயில் வெள்ளைத் தழும்போ ஆறாத புண்ணோ இருக்கிறதா என்று டோர்ச் அடித்துப் பாருங்கள். பாக்கு தனியாகவே புற்றுநோய் தரக்கூடியது. இதற்கெல்லாம் பட்டம் வரும் வரை காத்திருக்க வேண்டாம்.

நூறு வருடத்துக்கு முன் இந்த மலைகளில் பிறந்த பெண் குழந்தை முப்பதைத் தாண்டுவதே பெரிய காரியம். அந்த நிலையை மாற்றியதில் இந்தப் பாடசாலைக்கும் ஒரு பங்கு உண்டு. மிச்ச வேலை நம் கையில் இருக்கிறது.