வலிக்காத நோய்



என் தம்பிக்குப் பல ஆண்டுகளாக இனிப்புநீர் வியாதி. "சிறுநீரகத்தைச் சோதித்தாயா?" என்று கேட்டால், "வலி ஒன்றுமில்லையே அண்ணே" என்பான். நானும் வற்புறுத்தவில்லை. இன்று வாரத்தில் 3 நாள், ஒவ்வொரு முறையும் 4 மணி நேரம் அவனுக்கு இரத்தச் சுத்திகரிப்பு. ஆண்டுதோறும் காவடி எடுத்தவன், இப்போது திருவிழாவுக்கும் நாள் பார்த்துத்தான் வருகிறான்.

அன்பர்களே, சிறுநீரகம் பழுதடையும்போது பெரும்பாலும் வலிக்காது. கால் வீங்கி மூச்சு வாங்கும்போது, அநேகமாகக் காலம் கடந்திருக்கும். ஆகவே, இனிப்புநீரோ இரத்த அழுத்தமோ உள்ளவர்கள் ஆண்டுக்கு ஒருமுறையாவது இரத்தத்தில் கிரியேட்டினின் அளவையும், சிறுநீரில் புரதம் கசிகிறதா என்பதையும் சோதித்துக்கொள்ளுங்கள். சிறுநீரகம் வடிகட்டும் அளவு நிமிடத்துக்கு 60 மில்லிலிட்டருக்குக் கீழே இறங்கி 3 மாதங்களுக்கு மேல் நீடித்தால், அது நாட்பட்ட நோய். தொடக்கத்திலேயே கண்டுகொண்டு, மருந்தை விடாமல் உட்கொண்டு, உப்பையும் குறைத்தால் நோயின் வேகத்தைத் தணிக்கலாம்.

மூட்டுவலி மாத்திரைகளை மருத்துவரைக் கேளாமல் நாள்தோறும் விழுங்காதீர்கள். சிறுநீரகம் பழுதானவர்கள் நட்சத்திர வடிவப் பிலிம்பிங் பழத்தைத் தொடவே கூடாது. அதிலுள்ள நஞ்சு மூளையைத் தாக்கும்.

தம்பியிடம் வற்புறுத்தத் தவறியதை இன்று உங்களிடம் வற்புறுத்துகிறேன். வலி வரும் என்று காத்திராதீர்கள்.