இணக்கம் எழுதியாயிற்று, பாதை எங்கே?

 

கட்டுக்கரைக் குளத்து நீரை நம்பிக் கமஞ் செய்யும் ஒருவர், போர்க்காலக் கண்ணிவெடியில் காலை இழந்தவர் என்று வைத்துக்கொள்வோம். அவர் அலுவலுக்குச் செல்லும் அரசாங்கக் காரியாலயத்திலோ வாசலில் ஆறு படிகள். மனித உரிமைகள் ஆணைக்குழுவிடம் முறையிடுகிறார். "சாய்வுப் பாதை அமைத்துத் தருவோம்" என்று திணைக்களம் இணங்குகிறது, கையொப்பமும் ஆகிறது. ஆண்டு இரண்டு கழிந்தும் படிகள் ஆறும் அப்படியே நிற்கின்றன. இவர் இனி யாரிடம் செல்வது?

சட்டம் இல்லாமலில்லை. 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம், வலுவிழந்தோருக்கு வேலையிலும் கல்வியிலும் பாகுபாடு காட்டலாகாது, பொது இடங்களின் வாயிலை அடைக்கலாகாது என்கிறது. 2006இல் ஒழுங்குவிதிகள் பிறந்தன. பழைய கட்டடங்களைத் திருத்த மூன்றாண்டுத் தவணை. 2009இல் மேலும் ஐந்தாண்டு. தவணைகொடுப்பதில் மட்டும் நம் ஆட்சியாளர் என்றும் வள்ளல்களே! சக்கர நாற்காலியில் வாழ்ந்த அஜித் பெரேரா என்பார் உயர் நீதிமன்றத்தை நாடி 2011 ஏப்ரலில் கட்டளை பெற்றார். அவரே 2018இல் மீண்டும் அந்த நீதிமன்றத்துக்குச் செல்ல நேர்ந்தது. நீதிமன்றக் கட்டளைக்கே இக்கதியென்றால் வெறும் இணக்கக் கடதாசிக்கு என்ன கதி?

ஆணைக்குழு இணக்கத்தை நிறைவேற்றப் பணிக்கலாம். பணியாதவரைத் தன் கையால் கட்டாயப்படுத்த அதற்கு வலுவில்லை. அதன் பரிந்துரையைப் புறக்கணித்தால் ஜனாதிபதிக்கு அறிக்கை போகும்; பாராளுமன்றத்தில் வைக்கப்படும். அவ்வளவே.

இங்கேதான் நம்மவர் ஏமாறுகின்றனர். அடிப்படை உரிமை மீறப்பட்டால் ஒரு மாதத்துக்குள் உயர் நீதிமன்றம் செல்லவேண்டும். அம்மாதத்துக்குள் ஆணைக்குழுவிடம் முறையிட்டால், விசாரணை நிலுவையிலிருக்கும் காலம் கணக்கில் சேராது. ஆனால் இணக்கம் எழுதி விசாரணையை முடித்துவிட்டாலோ அக்காப்பு நீங்கிவிடும். வெற்றி பெற்றோமென்று வீடு திரும்புகிறவர், கையிலிருந்த ஆயுதத்தையும் வைத்துவிட்டு வருகிறார்!

குத்தகை எழுதும் கமக்காரர் தவணையும் தொகையும் எழுதாமல் கைநாட்டு வைப்பாரா? இணக்கத்திலும் வேலை முடியும் நாள் வேண்டும். பொறுப்பான உத்தியோகத்தரின் பதவி வேண்டும். பாதை கட்டி முடியும்வரை விசாரணை மூடப்படலாகாது என்ற வாசகமும் வேண்டும். அந்த 1996ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் மாகாண மேல் நீதிமன்றத்துக்கே மனுச் செய்யவும் வழியுண்டு. அங்கே இணங்கினால் அது நீதிமன்றத்தின் கட்டளையாகப் பதியப்படட்டும். மீறுகிறவர் நீதிபதிக்கு விடை சொல்லட்டும்.

இச்சபையிலுள்ள சட்டத்தரணிகளை ஒன்று கேட்கிறேன். தலைமன்னாரிலிருந்தோ முருங்கனிலிருந்தோ ஊன்றுகோலுடன் ஒருவர் உங்களைத் தேடி வந்தால், அவர் கையொப்பமிடுமுன் அந்தக் கடதாசியை ஒருமுறை படித்துப் பாருங்கள். அதற்குக் கட்டணம் வாங்காதீர்கள்.