இடம்பெயர்ந்த தெய்வமும் இடம்பெயர்ந்த சனமும்



இடுக்கண் வரும்போது இறைவனை நம்பியிருத்தல் மனிதருக்குக் காப்பாகுமா என்ற கேள்வியை வன்னி மண்ணில் நின்று கேட்பவர் வார்த்தைகளை நிறுத்தெடுத்துத்தான் பேச வேண்டும். இறுதிப் போரின்போது, 2009 சனவரி தொடங்கி மே வரை, இங்கே அறிவிக்கப்பட்ட பாதுகாப்பு வலயங்கள் சுருங்கிச் சுருங்கி, நந்திக்கடலுக்கும் பெருங்கடலுக்கும் இடைப்பட்ட முள்ளிவாய்க்கால் மணற்பரப்பில் வந்து முடிந்தன. வலயங்களுக்குள்ளேயே எறிகணைகள் விழுந்தன. மீண்டவர்களில் பலர் ‘கடவுள்தான் காப்பாற்றினார்’ என்கிறார்கள். அதே தெய்வத்தைக் கூப்பிட்டபடி பங்கருக்குள் மாண்டவர்களும் உண்டு. ஆகவே, நம்பியவர் பிழைத்தார் என்ற கணக்கை இந்தக் கருத்தரங்கு தொடக்கத்திலேயே கைவிட வேண்டுமெனக் கேட்டுக்கொள்கிறேன். சாட்சி சொல்லப் பிழைத்தவர் மட்டுமே இருக்கும்போது அந்தக் கணக்கு ஆய்வுக்கு ஒவ்வாது. அதைவிட, மாண்டவரின் பக்தியில் அது குறை காண்கிறது. அந்தக் கொடுமைக்கு நாம் துணைபோகக் கூடாது.

அப்படியானால் நம்பிக்கை தந்த காப்பு எது? மடு மாதா ஆலயத்தின் வரலாற்றைப் பாருங்கள். ஒல்லாந்தர் கத்தோலிக்கரை ஒடுக்கிய காலத்தில், 1670 அளவில், மாந்தையிலிருந்து இருபது குடும்பங்கள் மாதாவின் திருச்சொரூபத்தைச் சுமந்துகொண்டு காட்டுக்குள் வந்தன என்பது மரபு. 1990இன் பின் அந்த ஆலய வளாகம் ஆயிரக்கணக்கானோரின் தஞ்சமாயிற்று. 1999 நவம்பர் 20ஆம் திகதி, அங்கே தஞ்சமிருந்தவர்களில் ஏறத்தாழ 40 பேர் எறிகணை வீச்சில் உயிரிழந்தனர். 2008 ஏப்ரலில் சண்டை ஆலயத்தை நெருங்கியபோது திருச்சொரூபம் தேவன்பிட்டிக்குக் கொண்டுசெல்லப்பட்டது. காவல் நின்ற தாயே இடம்பெயர்ந்தாள். தெய்வத்தைக் கோட்டையாக மட்டும் எண்ணியிருந்தால் சனத்தின் நம்பிக்கை அன்றே இற்றுப்போயிருக்க வேண்டும். போகவில்லை. குருமாரும் கன்னியரும் சனத்தோடு சேர்ந்து முள்ளிவாய்க்கால் வரை நடந்தார்கள். வலைஞர்மடத்துத் தேவாலயத்திலும் செபம் கேட்டது. தங்களோடு கூடவே வருகிற கடவுளையே இந்த மக்கள் நம்பியிருந்தார்கள் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை. கைவிடப்படவில்லை என்ற அந்த உணர்வே அவர்களுக்குக் கிடைத்த காப்பு. அது உயிருக்கு உத்தரவாதம் தரவில்லை. ஒருவர் மற்றவரை விட்டு ஓடாதிருக்க உரம் தந்தது.

இதற்கு ஒரு வலுவான மறுப்பு உண்டு. காத்தது ஊர்க்கூட்டுத்தானே, தெய்வம் எதற்கு என்பார்கள். மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம் வன்னியைப் பற்றி 2010இல் வெளியிட்ட ஆய்வில், போர் தனிமனித மனங்களோடு குடும்பத்தையும் ஊரையும் பிணைத்திருந்த நம்பகத்தையும் சிதைத்ததைக் காட்டுகிறார். அந்தப் பிணைப்பை எது மீட்டது? வற்றாப்பளை கண்ணகை அம்மனின் வைகாசிப் பொங்கலை எடுத்துக்கொள்வோம். பாக்குத் தெண்டல் சடங்கில் தொடங்கி, சிலாவத்தைக் கடலில் தீர்த்தமெடுத்து, முள்ளியவளை காட்டா விநாயகர் கோயிலில் அந்த உப்புநீரில் விளக்கேற்றி, பிறகு வற்றாப்பளைக்குக் கொண்டுவருவார்கள். ஒவ்வொரு கட்டத்துக்கும் உரிமையுள்ள ஆட்கள் வேண்டும். மெனிக் பாம் முகாமிலிருந்து கூரையில்லாத வீட்டுக்குத் திரும்பியவருக்கும் அங்கே செய்ய ஒரு தொண்டு காத்திருந்தது. கூட்டுறவுச் சங்கமும் விளையாட்டுக் கழகமும் ஊரைக் கூட்டும், உண்மைதான். ஆனால் வாக்குக் கொடுக்கப்பட்டவர்களே இல்லாமற்போன ஊரில், கேட்க ஒருத்தி இருக்கிறாள் என்று நம்பிச் செலுத்தப்படும் நேர்த்திக்கடனுக்கு நிகரான பிணைப்பை அவற்றால் தர முடியாது. தெய்வத்தை எடுத்துவிட்டால் அந்தக் கடன் யாருக்கு?

இன்னொரு குற்றச்சாட்டு இதைவிடக் கனமானது: இறைநம்பிக்கை மக்களைப் பொறுமையில் ஆழ்த்தி, நீதி கேட்கும் வாயை அடைத்துவிடும் என்பது. சில இடங்களில் அப்படி நடந்ததுண்டு, மறுக்கமாட்டேன். வன்னியின் பெருந்தெய்வமான கண்ணகையோ அரசவையில் நீதி கேட்ட கைம்பெண். அவளிடம் கைகூப்புகிறவர் அநீதிக்குப் பணிந்துபோகக் கற்பதில்லை. 2017 பெப்ரவரி 20ஆம் திகதி, காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகள் கிளிநொச்சியில் தொடர் போராட்டத்தைத் தொடங்கிய இடம் கந்தசுவாமி கோயில் முன்றல். பிள்ளைகளின் படங்களை ஏந்திய அன்னையர் தேங்காய் உடைத்து வேண்டினார்கள். அதே கைகளால் அரசுக்கும் அனைத்துலக அமைப்புகளுக்கும் மனுக்கள் நீட்டினார்கள். வேண்டுதல் அவர்களின் கோரிக்கையைத் தளரவிடவில்லை. மனிதர் நடத்தும் விசாரணைகள் ஏமாற்றிய பிறகும் கேட்டுக்கொண்டேயிருக்கும் திராணியை அவர்கள் வேறெங்கிருந்து பெற்றிருப்பார்கள்?

ஆனாலும் அந்தப் பெற்றோரில் பலர் விடை கிடைக்காமலே கண்மூடிவிட்டார்கள். அவர்களுக்கு அவர்களுடைய நம்பிக்கை என்ன காப்பைத் தந்தது என்ற கேள்வியை என் வாதம் முழுமையாக எட்டவில்லை. கோயில் மரபுகளையும் பங்குப் பதிவுகளையும் நேர்காணல்களையும் கொண்டு வந்திருக்கும் கட்டுரையாளர்கள் அந்த இடத்திலிருந்து தொடங்குமாறு வேண்டி, முதல் அமர்வைத் தொடக்கிவைக்கிறேன்.