பொதுமையமும் ஏககேந்திரமும்



குளத்தில் கல் ஒன்று விழுகின்றது. விழுந்த இடத்தைச் சூழ்ந்து வட்டம் வட்டமாக அலை விரிகின்றது. சிறிதும் பெரிதுமான அவ்வட்டங்கள் அனைத்துக்கும் நடுப்புள்ளி ஒன்றே. அவற்றைப் பொதுமைய வட்டங்கள் என்கின்றது தமிழ்க் கணக்குநூல். ஒருமைய வட்டங்கள் என்பாரும் உளர். இரண்டும் செவ்விய சொற்களே. 'ஏககேந்திர வட்டம்' என்றாலன்றிக் கணக்கு நிறைவுறாது என்பார்க்கே இவ்வுரை.

கேந்திரம் தேவமொழிச் சொல் என அவர்கள் மார்தட்டுவர். அதுவோ வடமொழிக்கே கடன்சொல்! கிரேக்கர் மாடோட்டும் தாற்றுக்கோலைக் 'கென்ட்ரான்' என்றனர். பின்னர்க் கவராயத்தின் ஊன்றிய முனைக்கும், அம்முனை குத்திய புள்ளிக்கும் அதுவே பெயராயிற்று. கிரேக்க வானநூலோடு அச்சொல் வடமொழி புகுந்தது. இலத்தீன் வழியாக ஆங்கிலத்துள்ளும் புகுந்தது. கிரேக்கன் தன் மாட்டுக்கோலிலிருந்து கணக்கியற்சொல் ஆக்கிக் கொண்டான். தமிழன் மட்டும் இரவல் வாங்கியவன் வீட்டில் இரவல் கேட்டு நிற்பதோ? பொதுமையம் என்று கேட்ட சிறுவனுக்குப் பொருள் அப்பொழுதே விளங்கும். ஏககேந்திரம் என்று கேட்டவன் அகரமுதலியைத் தேடுவான்.

மையம் என்பதும் மத்தியத்தின் திரிபோ எனச் சிலர் ஐயுறுவர். அன்னார் 'ஒருநடு வட்டம்' என வழங்குக. முளையொன்றை நட்டுக் கயிறு கட்டிச் சுற்றினால் வட்டம் பிறக்கும். நடுதலும் நடுவும் ஆங்கே ஒலியால் ஒன்றி நிற்றல் காண்க.

சொல்லை ஆள்வதிலும் கருத்து வேண்டும். ஒன்றனுள் ஒன்று இருப்பன எல்லாம் பொதுமையம் ஆகா. தட்டின் ஓரத்தில் கிண்ணத்தை வைத்தாலும் வட்டத்துள் வட்டந்தான்; நடு வேறு. சாய்ந்து வளர்ந்த மரத்தின் ஆண்டு வளையங்களும் ஒருபுறம் அகன்று மறுபுறம் நெருங்கி நிற்கும்.

இவ்வேறுபாடு வெறும் ஏட்டுக் கணக்கன்று. வட்டக் கிணற்றின் கைப்பிடிச் சுவருக்கு மேற்பூச்சுப் பூச வேண்டும், பரப்பு எவ்வளவு? கிணற்றின் நடுவோ வெற்றிடம். ஆரையை அளக்க ஆங்கே எவரும் நிற்றல் இயலாது. வெளிவிளிம்பில் தொடங்கி, உள்விளிம்பைத் தொட்டும் தொடாமலும் சென்று, மீண்டும் வெளிவிளிம்பில் முடியுமாறு ஒரு கயிற்றை நேரே இழுத்துப் பிடிக்க. அது 7 அடி எனக் கொள்வோம். பாதி 3½, அதனை அதனாலேயே பெருக்க 12¼, அதனை 22/7 ஆல் பெருக்க 38½ சதுர அடி. கயிற்றின் பாதியும் உள் ஆரையும் வெளி ஆரையும் செங்கோண முக்கோணம் ஆதலின், ஆரை இரண்டும் தெரியாமலே பரப்புக் கிடைத்தது. ஆனால் இரு விளிம்புக்கும் நடு ஒன்றாதல் வேண்டும். கொத்தன் கைபிசகி நடு விலகியிருப்பின், கயிற்றை இடம் மாற்றுந்தோறும் நீளம் மாறும்; கணக்கும் பொய்க்கும்.