முதியோர் இல்லமும் நமது குருட்டு நம்பிக்கையும்

(ஒரு சிற்றூரில் நடைபெற்ற மாலைக் கூட்டத்தில் நாம் பேசியதன் சாரம்)



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட விஷயம் கடவுளைப் பற்றியதும் அல்ல; புராணத்தைப் பற்றியதும் அல்ல. வயது முதிர்ந்து, தானாக எழவும் நடக்கவும் முடியாமற் போன நம் தாய் தகப்பன்மாரை வைத்துப் பராமரிப்பதாகச் சொல்லும் இல்லங்களை எப்படிப் பரீட்சித்துப் பார்ப்பது என்பதைப் பற்றியதேயாகும். மேல் நாட்டில் இவற்றை நர்சிங் ஹோம் என்கின்றார்கள். நம் நாட்டிலோ அந்தப் பெயரைச் சிறு தனியார் ஆஸ்பத்திரிக்குக் கொடுத்துவிட்டு, இதை முதியோர் இல்லம் என்று சொல்லுகின்றோம். பெயர் எதுவானாலும் காரியம் ஒன்றுதான்.

வழக்கம்போல் முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகின்றோம். நாம் சொல்லுகின்றோம் என்பதற்காக எதையும் நீங்கள் நம்ப வேண்டியதில்லை. கேட்டு, யோசித்து, உங்கள் புத்திக்குச் சரியென்று பட்டதை மாத்திரம் எடுத்துக்கொள்ளுங்கள். மற்றதை இங்கேயே விட்டுவிட்டுப் போங்கள்.

பெற்றவர்களை இல்லத்தில் விடுவதே பாவமல்லவா என்று சிலர் கேட்கலாம். பாவ புண்ணியக் கணக்கு நமக்குத் தெரியாது. வீட்டில் வைத்திருப்பதாகச் சொல்லப்படும் கிழவர்களில் எத்தனை பேர் திண்ணை மூலையில் ஒரு தட்டுச் சோற்றுடன் கிடக்கின்றார்கள் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. “நான் என் தாயாரை வீட்டில் வைத்துக் காப்பாற்றுகிறேன்” என்று பெருமை பேசுகின்றவர், அந்தத் தாயாரின் மலஜலத்தை எடுப்பது தாமா தம் மனைவியா என்று ஒரு நிமிஷம் எண்ணிப் பார்க்கட்டும். ஆகவே வீடா, இல்லமா என்பது கேள்வியல்ல. எந்த இடத்தில் அந்த மனிதர் மனிதராக நடத்தப்படுகின்றார் என்பதுதான் கேள்வி.

தோழர்களே! சந்தையில் ஒரு மண்சட்டி வாங்குகின்றோம். விரலால் தட்டி ஓசை கேட்காமல் வாங்குகின்றோமா? மாடு வாங்கப்போனால் பல்லைப் பிடித்துப் பார்க்கின்றோம், நடக்கவிட்டுப் பார்க்கின்றோம். ஆனால் பெற்ற தாயைக் கொண்டுபோய் விடும் இடத்தில் மாத்திரம் வாசல் வளைவையும், “அன்பு”, “கருணை”, “சேவை” என்ற பெயர்ப்பலகையையும் பார்த்த மாத்திரத்தில் கண்ணை மூடிக்கொள்ளுகின்றோம். சட்டிக்கு உள்ள பரீட்சை தாய்க்கு இல்லை!

ஊருக்கு உபதேசம் செய்வதாக நினைத்துவிடாதீர்கள். நாமே இதில் ஏமாந்து போனோம். நமது சிறிய தாயாருக்கு இடுப்பெலும்பு முறிந்து, புரண்டு படுக்கவும் முடியாமற் போயிற்று. பார்த்துக்கொள்ள ஆளில்லாமல் ஓர் இல்லத்தில் சேர்த்தோம். அங்கே சாமி படம் மாட்டியிருந்தால் ஒருவேளை நமக்குச் சந்தேகம் வந்திருக்கும். நமக்குப் பிடித்த அறிவுப் பெரியோர்களின் படங்களை மாட்டியிருந்தார்கள். நடத்துகின்றவரும் நம் கூட்டங்களுக்கு வருகின்றவர். போதாதா? கோயிலில் விழுந்து கும்பிடுகின்றவனை நாற்பது வயது வரை கேலி செய்த நாம், ஒரு படத்தைப் பார்த்து விழுந்துவிட்டோம்.

மாதம் ஒருமுறை, முன்கூட்டியே போன் செய்துவிட்டுப் போவோம். தலைசீவி, பவுடர் பூசி, கழுத்துவரை போர்த்தி வைத்திருப்பார்கள். நாமும் திருப்தியாகத் திரும்புவோம். ஒரு ஞாயிற்றுக்கிழமை, வேறு ஊருக்குப் போன இடத்தில் பஸ் தவறி, சொல்லாமல் கொள்ளாமல் இரவு எட்டு மணிக்கு உள்ளே போனோம். இரண்டு பெரிய அறைகளுக்கும் சேர்த்து ஓர் ஆயா மாத்திரம் இருந்தார். போர்வையை விலக்கினால் தாங்க முடியாத நாற்றம். முதுகின் அடியில், வால் எலும்பு தெரியும்படியான புண். “ராத்திரி திரும்பிப் படுக்கணும்னா யாரைப்பா கூப்பிடுறது?” என்று சின்னம்மா கேட்டார். நமக்குப் பதில் இல்லை.

நிர்வாகியைக் கேட்டோம். “வயசானா வர்றதுதானேங்க, எல்லாம் அவங்க வாங்கி வந்த வரம்” என்றார். சுவரில் அறிவாளிகளின் படம், வாயில் தலைவிதி! இரண்டு மாதத்திற்குள் சின்னம்மா காலமானார். புண்ணின் விஷம் இரத்தத்தில் கலந்துவிட்டது என்று டாக்டர் சொன்னார்.

படுக்கைப் புண் என்பது விதியல்ல, தோழர்களே! உடம்பின் பாரம் ஒரே இடத்தில் அழுந்திக் கிடந்தால் அங்கே இரத்த ஓட்டம் நின்று தசை சாகின்றது. இடுப்பு, வால் எலும்பு, குதிகால் ஆகிய இடங்களில்தான் அது அதிகம். ஏறக்குறைய இரண்டு மணிக்கு ஒருமுறை திருப்பிப் படுக்க வைத்து, ஈரமில்லாமல் துடைத்து, போதிய உணவும் தண்ணீரும் கொடுத்து வந்தால் பெரும்பாலும் தடுத்துவிடலாம். அதாவது, நிர்வாகி விதி என்று சொன்னது உண்மையில் இன்னோர் ஆயாவின் சம்பளமேயாகும். அதை மிச்சப்படுத்திக்கொண்டு, பழியைப் போன ஜன்மத்தின்மேல் போட்டுவிட்டார். ஏமாற்றுகின்றவனுக்குப் போன ஜன்மத்தைப்போல் சௌகரியமான சாட்சி வேறில்லை. அது கோர்ட்டுக்கு வராதல்லவா?

இந்த நம்பிக்கை எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு இராமநாதபுரம் ஜில்லா ஏர்வாடியே சாட்சி. தர்காவின் மகிமையால் சித்தப்பிரமை தீரும் என்று நம்பி, பல மதத்தாரும் தம் வீட்டு நோயாளிகளை அங்கே காப்பகங்களில் விட்டுப் போனார்கள். 2001-ஆம் வருஷம் ஆகஸ்டு மாதம் 6-ந் தேதி விடியற்காலையில் ஒரு காப்பகத்தில் தீப்பிடித்தது. நோயாளிகள் சங்கிலியால் கட்டப்பட்டிருந்தார்கள், ஓட வழியில்லை. 28 பேர் மாண்டார்கள். அவர்களை விட்டுப்போன உறவினர்கள் எல்லோரும் கல்நெஞ்சக்காரர்களா? அல்ல. நம்பினார்கள், ஆனால் இரவில் தீப்பிடித்தால் கட்டை யார் அவிழ்ப்பார் என்று கேட்கவில்லை. 2017-ஆம் வருஷத்து மனநலப் பராமரிப்புச் சட்டம் மனநோயாளிகளைச் சங்கிலியால் பிணைப்பதை அடியோடு தடுத்திருக்கின்றது. சட்டம் வந்தது சரி. கேட்கும் புத்தி நமக்கு வந்ததா?

அப்படியானால் சர்க்கார் சோதித்து முத்திரை போட்டுவிட்டால் போதுமே என்பீர்கள். அமெரிக்காவில் அதையும் செய்து பார்த்தார்கள். 1987-ஆம் வருஷத்துச் சட்டத்தின்படி, வேலைக்காரர்களின் சௌகரியத்துக்காகவோ தண்டனையாகவோ முதியவர்களைக் கட்டிப் போடவும் கூடாது. மருந்து கொடுத்து மயக்கி வைக்கவும் கூடாது. 2008-ஆம் வருஷத்தில் ஒவ்வொரு இல்லத்துக்கும் ஒன்று முதல் ஐந்து நட்சத்திரம் வரை மதிப்பிட்டு, எல்லோரும் பார்க்கும்படி வெளியிட்டார்கள். நல்ல காரியந்தான். ஆனால் எத்தனை நர்சுகள் வேலை செய்கின்றார்கள் என்ற கணக்கை இல்லக்காரர்களே எழுதிக் கொடுத்துவந்தார்கள். பிறகு, 2018-ஆம் வருஷம் முதல் சம்பளப் பட்டியலைக்கொண்டு கணக்கெடுத்தபோது, பல இல்லங்களில் ஆள் எண்ணிக்கை நாளுக்கு நாள் ஏறி இறங்குவதும், சனி ஞாயிறுகளில் மிகவும் குறைந்துபோவதும் வெளிப்பட்டன. தன் மார்க்கைத் தானே போட்டுக்கொள்ளும் பிள்ளை எந்த நாட்டிலும் பெயிலாவதில்லை! ஆகவே முத்திரையைப் பாருங்கள், முத்திரையோடு நின்றுவிடாதீர்கள்.

நிற்க. பரீட்சை செய்வது எப்படி என்பதைச் சொல்லுகின்றோம். இதற்குப் பெரிய படிப்புத் தேவையில்லை. கண்ணும் மூக்கும் வாயும் போதும்.

சொல்லிவிட்டுப் போகாதீர்கள். சாப்பாட்டு வேளையில் ஒருமுறையும், ஞாயிற்றுக்கிழமை ஒருமுறையும், இரவில் ஒருமுறையும் போங்கள். இந்நேரத்தில் பார்க்க விடமாட்டோம் என்று எப்போதும் சொல்லுகின்ற இடத்தில் உங்கள் தாயை விடாதீர்கள்.

வரவேற்பறையைப் பார்க்காதீர்கள், கக்கூசைப் பாருங்கள். தரை ஈரமா, பிடித்துக்கொள்ளக் கம்பி உண்டா, இரவில் விளக்கு எரிகின்றதா என்று பாருங்கள். கிழவர்கள் இப்படிப்பட்ட இடங்களில் விழுந்து எலும்பை முறித்துக்கொள்ளுவதுண்டு. ஊதுவத்தி வாசனை அதிகமாயிருந்தால், அது எந்த வாசனையை மறைக்கின்றது என்று யோசியுங்கள்.

இரவில் எத்தனை பேருக்கு எத்தனை ஆள் என்று கேளுங்கள். பகல் கணக்கைச் சொல்லி ஏமாற்றுவார்கள். ஆயாமாரிடம் தனியே பேசி, என்ன சம்பளம், எத்தனை மணி நேர வேலை, மாதா மாதம் ஒழுங்காகக் கிடைக்கின்றதா என்று விசாரியுங்கள். பிறர் மலத்தை எடுக்கும் வேலை இழிவு என்று ஒரு கூட்டத்தார் தலையில் கட்டி, அவர்களுக்கு அரைவயிற்றுக் கூலி கொடுக்கும் இடத்தில், உங்கள் தாய்க்கு மாத்திரம் மரியாதை கிடைக்கும் என்று எப்படி எதிர்பார்ப்பது?

ஒரு ஹாலில் எல்லோரும் பட்டப் பகலில் தூங்கிக் கிடந்தால், “என்ன அமைதி!” என்று மெச்சாதீர்கள். என்ன மாத்திரை, எந்த டாக்டர் எழுதியது என்று சீட்டைக் கேளுங்கள். மறதி நோயுள்ள முதியவர்களுக்குச் சித்தப்பிரமைக்கான மருந்துகளைக் கொடுப்பதால் மரணம் அதிகமாகின்றது என்று அமெரிக்க மருந்து இலாகா 2005-ஆம் வருஷத்திலேயே எச்சரித்திருக்கின்றது.

போர்வையை விலக்கிப் பாருங்கள். வெட்கப்பட வேண்டாம், தாயின் சம்மதத்தோடு பெண்பிள்ளைகள் பார்க்கட்டும். சிவந்த இடத்தை விரலால் அழுத்தியும் சிவப்பு மறையாவிட்டால் அதுவே புண்ணின் ஆரம்பம். நம்மைப் போன்ற கறுத்த தோலில் சிவப்பு தெரியாது. அந்த இடம் மற்ற இடத்தைவிடக் கறுத்தோ, சூடாகவோ, கெட்டியாகவோ இருக்கும்.

கடைசியாக, எல்லாவற்றிலும் முக்கியமாக, அங்கே இருக்கின்றவர்களையே கேளுங்கள். நிர்வாகி பக்கத்தில் நிற்கும்போது ஒரு பதிலும், அவர் நகர்ந்த பிறகு வேறொரு பதிலும் வந்தால் உங்கள் பரீட்சை முடிந்துவிட்டது. உங்கள் தாய்க்கும் அந்த இடம் பிடித்திருக்கின்றதா என்று கேளுங்கள். வயதானதால் காது மந்தமாகலாம், மானம் மந்தமாவதில்லை.

சட்டமும் ஓரளவு துணை செய்யும். 2007-ஆம் வருஷத்துப் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டப்படி, கைவிடப்பட்ட பெற்றோர் பிள்ளைகளிடம் ஜீவனாம்சம் கேட்கத் தீர்ப்பாயம் உண்டு. காப்பாற்றுவேன் என்ற நிபந்தனையின்மேல் சொத்தை எழுதி வாங்கிக்கொண்டு கைவிட்டால், அந்தப் பத்திரத்தையே ரத்துச் செய்யவும் வழி உண்டு. இல்லத்தில் கொடுமை கண்டால் 14567 என்ற முதியோர் உதவி எண்ணுக்கும், ஜில்லாச் சமூக நல அலுவலகத்துக்கும் சொல்லுங்கள். நாம் அந்த இரவே அப்படிச் செய்யாமல், நிர்வாகியிடம் வாதாடிப் பொழுதைப் போக்கினோம்.

ஆகவே தோழர்களே! நல்ல இல்லம் நடத்துகின்றவர்கள் இல்லையென்று நாம் சொல்லவில்லை. நல்லவர்கள் பரீட்சைக்குப் பயப்படமாட்டார்கள் என்றுதான் சொல்லுகின்றோம். சாமி படமாயிருந்தாலும், நம் பெரியோர்களின் படமாயிருந்தாலும், படம் யாரையும் புரட்டிப் படுக்க வைக்காது. அதற்கு ஆள் வேண்டும். அந்த ஆள் இரவில் இருக்கின்றாரா என்று போய்ப் பாருங்கள். வேண்டியவர் யாராவது இல்லத்தில் இருந்தால், வருகின்ற ஞாயிற்றுக்கிழமையே, சொல்லாமல் போய்ப் பாருங்கள் என்று கேட்டுக்கொள்ளுகின்றோம்.